காத்தோங்குக்குப் போன குயில்

எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருந்த குயிலைப் பற்றி யாரும் புகார் கொடுக்க முடியாது. ஏனென்றால் அது சத்தம் இல்லை; நலவசதி. சத்தத்துக்குப் புகார் எண் உண்டு. நலவசதிக்குப் பாராட்டு எண் மட்டும்தான். அந்த எண்ணை அழைத்தால், பாராட்டைத் தெரிவிக்க ஒன்றை அழுத்தவும் என்று ஒரு பெண் குழைவாகச் சொல்வாள். இரண்டு என்று எதுவும் கிடையாது. நான் இரண்டை அழுத்திப் பார்த்திருக்கிறேன்.

அந்தக் குயில் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பிடோக்கில் எங்கள் புளோக்கைச் சுற்றி மரங்கள் அதிகம். அதில் நிஜக் குயில் ஒன்று இருந்தது. விடிவதற்கு முன்பே கூவத் தொடங்கிவிடும். மேல்மாடியில் யாரோ தூக்கம் கெடுகிறது என்று சொல்ல, ஆட்கள் வந்து வலை போட்டார்கள், கிளைகளை வெட்டினார்கள், குயிலை அப்புறப்படுத்தினார்கள். அடுத்த வருஷமே கிழக்கு வட்டார இயற்கை நல்லிணக்கக் குழு என்று ஒன்று முளைத்தது. எங்கள் பேட்டையில் பறவை ஒலி போதவில்லை என்று அதன் ஆய்வில் தெரியவந்ததாம். ஏன் போதவில்லை என்று அவர்கள் ஆராயவில்லை. அது வேறொரு குழுவின் வேலை. குறையைப் போக்க விளக்குக் கம்பத்தில் ஒரு பச்சைப் பெட்டியை மாட்டி, அதற்குள் பதிவு செய்த குயிலைக் குடிவைத்தார்கள். எங்கள் வீடு இரண்டாம் மாடி. படுக்கையறை ஜன்னலிலிருந்து கையை நீட்டினால் அந்தப் பெட்டி எட்டாது. துடைப்பக் கட்டையை நீட்டினால் எட்டும். நீட்டிப் பார்த்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் இப்ராஹீம் தேக்கா சென்டர் சந்தையின் மேல்மாடியில் துணிக்கடை வைத்திருக்கிறார். அதிர்ந்து பேசாத மனுஷன். நான் அவருக்கு நேர் எதிர். பள்ளிக்கூட கேண்டீனில் மீ கோரெங் நூடுல்ஸ் கடை போட்டவள் நான். ஒரு பள்ளிக்கூடமே சேர்ந்து கத்தும் இடத்தில், சில்லி வேணுமா வேணாமா என்று கடைசி வரிசைப் பிள்ளையிடம் கேட்டுப் பழகிய தொண்டை இது.

அவர் காதில் சில வருஷமாக ஓர் இரைச்சல். வெளியே எங்கும் இல்லாத சத்தம், அவருக்கு மட்டும் கேட்கும். காதிரைச்சல் என்று டாக்டர் அதற்குப் பெயர் சொன்னார். அது ஒரே மாதிரி இருக்காது. ஒருநாள் சுவர்க்கோழி கத்தும். ஒருநாள் பக்கத்து வீட்டு குக்கர் விசில் அடித்து நிறுத்தவே நிறுத்தாது. ஒருநாள் ஒன்றுமே இருக்காது. அன்றைக்கு என் மனுஷன் ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டே சட்டைக்கு இஸ்திரி போடுவார். உப்பும் கோப்பியும் கூடினால் இரைச்சல் ஏறும். தூக்கம் கெட்டால் ஏறும். கவலைப்பட்டுப் பல்லைக் கடித்தால் ரொம்ப ஏறும். வேடிக்கை என்னவென்றால், சத்தமே இல்லாத இடத்தில் போய் உட்கார்ந்தாலும் ஏறும். கவலைப்படாமல் இருங்கள் என்றார் டாக்டர். நாங்களும் கருவாட்டை நிறுத்தினோம், கோப்பியைக் குறைத்தோம், இரைச்சலை வீட்டில் தங்கிவிட்ட ஒரு விருந்தாளியாக நினைத்துக் குடித்தனம் நடத்தினோம். அப்போதுதான் பச்சைப் பெட்டி வந்தது.

நியாயமாகப் பேச வேண்டும். பெட்டிக் குயிலின் குரல் பெரிய சத்தம் இல்லை. கூவும், நிறுத்தும். ஆனால் மறுபடி எப்போது கூவும் என்று யாருக்கும் தெரியாது. இயற்கையாக இருக்க வேண்டுமென்று இடைவெளியை மாற்றி மாற்றி வைத்திருந்தார்கள். அந்த இடைவெளிதான் என் வீட்டுக்காரரின் உயிரை எடுத்தது. ஒரு கூவல் முடிந்ததும் அடுத்ததற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பார். காத்திருக்கும்போது காதுக்குள் விசில் ஏறும். ஏறிக்கொண்டே இருக்கும். அப்பாடா என்று கண்ணை மூடும் நேரம் பார்த்து அது கூவும். ஒரு வாரத்தில் அவர் கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்துவிட்டது. பாட்டும் இல்லை, இஸ்திரியும் இல்லை. கசங்கிய சட்டையோடு கடைக்குப் போனார்.

குழுவின் அலுவலகத்தைத் தேடிப் பிடித்தேன். வித்யா என்று ஒரு சின்னப் பெண் பேசினாள். மரியாதைக்குக் குறைவில்லை. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "ஆன்ட்டி, அது நாய்ஸ் இல்ல. அமெனிட்டி லா" என்றாள். கூவும்போது அல்ல, கூவாதபோதுதான் என் வீட்டுக்காரருக்குக் கஷ்டம் என்று விளக்கினேன். அவள் யாரிடமோ கேட்டுவிட்டு வந்து, கூவுகிற நேரத்துக்குத்தான் குழு பொறுப்பு, கூவாத நேரம் தங்கள் ஸ்கோப்பில் வராது என்றாள். இருந்தாலும் நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னாள்.

வந்தாள். பச்சை டீ-ஷர்ட் போட்ட இரண்டு பேர் ஒரு கருவியோடு கூடவே வந்தார்கள். சத்தத்தை அளக்கும் கருவியாம். எங்கள் கெட்ட நேரம், அன்றைக்குப் பார்த்து அவர் காதில் ஒன்றுமே இல்லை. "அங்கிள், இப்ப காதுல சத்தம் கேக்குதா?" என்று வித்யா கேட்டாள். நான் பின்னாலிருந்து அவர் முழங்கையைக் கிள்ளினேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "இல்லம்மா. அல்ஹம்துலில்லாஹ், இன்னைக்கு நல்லாருக்கு" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷனைக் கட்டிக்கொண்டால் இந்தக் கதிதான். வித்யா முகம் மலர்ந்து, சத்தம் இல்லை என்று குடியிருப்பாளரே உறுதிப்படுத்தியதாகத் தன் டேப்லெட்டில் தட்டிக்கொண்டாள்.

பிறகு ஜன்னலருகே கருவியைப் பிடித்தார்கள். குயில் கூவியது. கருவியில் பச்சை விளக்கு. எனக்கு வந்ததே கோபம். இந்த மனுஷன் தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா என்று நான் கேட்க ஆரம்பித்தேன், கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. டீ-ஷர்ட்காரர் அதை வித்யாவிடம் காட்டினார். அவள் சங்கடத்தோடு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த வீட்டுல லிமிட்டத் தாண்டுற ஒரே சத்தம் நீங்கதான். அங்கிளோட காதுக்கு ஒருவேளை அதுகூட காரணமா இருக்கலாம்ல?"

மற்றதையெல்லாம் மன்னித்தாலும் இதை நான் மன்னிக்கவில்லை. ஏனென்றால் நான் அதை நம்பிவிட்டேன். என் குரல்தான் என் மனுஷனைக் கெடுக்கிறதோ என்று பயந்து, அன்றிலிருந்து வீட்டில் கிசுகிசுவென்று பேச ஆரம்பித்தேன். சாப்பிட வாங்க என்பதைக்கூட ரகசியம் போலச் சொன்னேன். அவர் என்ன என்ன என்று கேட்டுக் கேட்டுக் களைத்துப்போனார். வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது.

சில நாளில் வித்யாவிடமிருந்து சந்தோஷமாக ஒரு செய்தி வந்தது. எங்கள் கருத்தைக் குழு ஏற்றுக்கொண்டதாம். இடைவெளிதானே பிரச்சினை, அதை எடுத்துவிட்டார்கள். குயில் இப்போது விடியற்காலையிலிருந்து நள்ளிரவு வரை மூச்சு விடாமல் கூவியது. அந்தக் கூவலைக் கேட்டு எங்கிருந்தோ ஒரு நிஜக் குயில் வந்துவிட்டது, தன் மரத்தில் எவன் உட்கார்ந்திருக்கிறான் என்று கேட்க. இரண்டும் போட்டி போட்டுக் கத்தின. நிஜக் குயில் அனுமதி பெறாதது என்பதால் அதை விரட்டப் பெட்டியில் காக்காய்க் குரலைச் சேர்த்தார்கள். காக்காய்க்கும் குயிலுக்கும் ஆகாதே. குயில் போனது உண்மைதான். ஆனால் யாரோ நம்மைக் கூப்பிடுகிறார்கள் என்று நிஜக் காக்காய்கள் கூட்டமாக வந்து சேர்ந்தன. அவற்றை விரட்டத் தினமும் சாயங்காலம் மரக்கட்டைகளைத் தட்டும் தொண்டர் படை ஒன்றை அமைத்தார்கள்.

அந்தப் படையைத் தொடங்கிவைக்கக் குழுவின் தலைவர் திரு கதிரேசனே வந்தார். பெரிய பதவியிலிருந்து ஓய்வுபெற்றவர். வீடு வசதியானவர்கள் வாழும் காத்தோங்கில், செண்பக விநாயகர் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு தனி மாடி வீடு. ஆகவே பிடோக்கின் இயற்கையைப் பற்றி அவருக்கு ஆழ்ந்த கவலை. கீழ்த்தளத்தில் நாற்காலி போட்டு எங்களை உட்காரவைத்து, மைக்கைத் தட்டி, ஹலோ ஹலோ சொல்லிவிட்டுப் பேசினார்.

"அன்பார்ந்த குடியிருப்பாளர்களே, இயற்கை தானாக நடக்கும் என்று நம் முன்னோர் அதை அதன் போக்கில் விட்டுவிட்டார்கள். அதனால்தான் அவர்களால் எந்த இலக்கையும் எட்ட முடியவில்லை. நாங்கள் அப்படி விட மாட்டோம். ஒரு குயிலை வைத்தோம். அதைத் தொடர்ந்து காகம் வந்தது. காகத்தைத் தொடர்ந்து தொண்டர்கள் வந்தார்கள். ஓர் ஒலிபெருக்கி எத்தனை பேரை ஒன்றிணைத்திருக்கிறது பாருங்கள்."

எல்லோரும் கை தட்டினார்கள். தொண்டர்கள் கட்டையைத் தட்டினார்கள். என் வீட்டுக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். அதை மேடையிலிருந்து பார்த்த கதிரேசன், பெரியவருக்கு ஒலியோடு இன்னும் இணக்கம் ஏற்படவில்லை போலிருக்கிறது என்று பரிவோடு சொல்லி, அவரைச் செவிநன்றிப் பயிலரங்கில் சேர்த்துவிட்டார்.

அப்படி ஒன்று இருப்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். சமூக மன்ற அறையில் பாய் விரித்து எங்களை உட்காரவைத்தார்கள். பயிற்சியாளர் கண்ணை மூடிக்கொண்டு, சத்தம் என்பது வெளியில் இல்லை, உள்ளே இருக்கிறது என்றார். என் வீட்டுக்காரர் அப்பாவியாக, ஆமாங்க எனக்கு உள்ளதான் இருக்கு என்றார். முதல் வகுப்பிலேயே இந்தத் தெளிவா என்று பயிற்சியாளர் உருகிப்போனார். அறையே கை தட்டியது. எல்லோருக்கும் முன்மாதிரியாக அவரை நடுவில் உட்காரவைத்து, ஒரு பெரிய பித்தளைக் கிண்ணத்தை அவர் காதுக்குப் பக்கத்தில் பிடித்து, கட்டையால் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். கிண்ணத்தின் சத்தம் அடங்கிவிட்டது. இவர் காதுக்குள் போன சத்தம் அடங்கவே இல்லை. பேருந்தில் வரும் வழியெல்லாம் தலையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகுதான் தேக்கா அவரை எடுத்துக்கொண்டது. கீழே மீன் வெட்டுகிற சத்தம், காய்கறிக்காரர்கள் கூவுகிற சத்தம், பக்கத்துக் கடைகளில் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் எல்லாம் சேர்ந்து அவர் காதின் விசிலை மூடிவிடும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு துணிக்கட்டின் மேலேயே தூங்க ஆரம்பித்தார். பிறகு ராத்திரிச் சாப்பாடும் அங்கேயே. அவருடைய அக்கா மகன் சுஹைப் சிராங்கூன் சாலையைப் பார்த்த அறை ஒன்றில் வாடகைக்கு இருக்கிறான். ஜன்னலுக்குக் கீழேயே பஸ் ஓயாமல் போகும். ஒருநாள் ஒரு பையில் கைலியும் சட்டையும் எடுத்துவைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"கொஞ்ச நாளைக்குத்தான் ஜைனபு. அங்க படுத்தா தூக்கம் வருது. இங்க என்னால முடியல."

கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் தனித்தனி வீட்டில் படுத்ததில்லை. போகாதீங்க மச்சான் என்று நான் கத்தியிருக்க வேண்டும். புளோக்கே திரும்பிப் பார்க்கக் கத்தியிருக்க வேண்டும். ஆனால் பழகிய பழக்கம், கிசுகிசுவென்றுதான் வந்தது. அவர் காதில் விழவில்லை. லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது. நான் உள்ளே வந்து அழுதேன். குயில் கூவிக்கொண்டே இருந்தது.

கோபம் வந்தால் நான் கத்துவேன். கத்த முடியாமல் போனால் யோசிப்பேன். இரண்டாவதுதான் ஆபத்து. மறுநாள் காலையில் பாராட்டு எண்ணை அழைத்து ஒன்றை அழுத்தினேன்.

அந்த எண்ணில் அதுவரை யாரும் ஒன்றை அழுத்தியதில்லை என்று பிறகு தெரிந்தது. அலுவலகமே ஆடிப்போய்விட்டதாம். வித்யா ஓடி வந்து என்னைக் குழுவில் சேர்த்துக்கொண்டாள். பச்சை டீ-ஷர்ட் கொடுத்தார்கள், கழுத்தில் மாட்ட அட்டை கொடுத்தார்கள், 'குயில் தோழி' என்று பட்டம் கொடுத்தார்கள். நான் கூட்டங்களுக்குப் போனேன். அவர்கள் கொடுத்த கறிபாப் பலகாரத்தைச் சாப்பிட்டேன். வாயைத் திறக்கவில்லை. போன கூட்டம் சிறப்பாக நடந்தது என்று இந்தக் கூட்டத்தில் பாராட்டுவார்கள். இந்தக் கூட்டம் சிறப்பாக நடந்ததை அடுத்த கூட்டத்தில் பாராட்டுவதாக முடிவு செய்து கலைவார்கள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இரண்டு விஷயம் கற்றுக்கொண்டேன். ஒன்று, குழு வைத்த எதையும் குழுவால் எடுக்க முடியாது. எடுத்தால் வைத்தது தவறு என்று ஆகிவிடும். ஆனால் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகலாம். அதற்குப் பெயர் விரிவாக்கம். இரண்டாவது, விழாவுக்கு வருகிற சிறப்பு விருந்தினர் வாயிலிருந்து எது விழுந்தாலும் அது நடந்துவிடும். முந்தைய விழாவில் அவர் போகிற போக்கில், இங்கே ஒரு பெஞ்ச் இருந்தால் நன்றாக இருக்குமே என்றிருக்கிறார். அவர் நின்ற இடம் நடைபாதைக்கு நட்டநடு. மறுநாள் விடிந்தபோது அங்கே பெஞ்ச் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. எங்கள் புளோக்கில் எல்லோருக்கும் ஒரு முழங்காலில் தழும்பு உண்டு.

குயில் ஆண்டு விழா வந்தது. கீழ்த்தளத்தில் தோரணம், பச்சை நாற்காலி, சிறப்பு விருந்தினர். முதலில் ஏணி போட்டு ஏறி, பச்சைப் பெட்டிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஸ்பீக்கர் மூடிக்கொண்டது, குயிலின் குரல் கம்மியது. கொஞ்ச நேரம் நிம்மதியாக இருந்தது. வித்யா பதறிப்போய் அதை எடுக்கச் சொன்னாள். பிறகு வரவேற்புரை, வாழ்த்துரை, தலைமையுரை. கதிரேசன் மைக்கைப் பிடித்தார்.

"நாள்தோறும் இந்தக் குயிலோசையில் கண்விழிக்கும் பிடோக் மக்களைப் பார்த்து நான் பொறாமைப்படுகிறேன். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. காத்தோங்கில் என் படுக்கையறை ஜன்னலுக்கு வெளியேயும் ஒரு விளக்குக் கம்பம் இருக்கிறது. வெறும் கம்பம். காலையில் அதைப் பார்க்கும்போதெல்லாம் என் மனம் ஏங்குகிறது. ஆனாலும் என்ன, தலைவன் என்பவன் தன் மக்கள் கேட்டு மகிழ்வதைத் தூரத்தில் இருந்து ரசிப்பவன்."

கேட்டீர்களா? நான் கேட்டேன். அடுத்ததாகக் குடியிருப்பாளர் சார்பில் ஏற்புரை. குயில் தோழி ஜைனப் என்று அழைத்தார்கள். என் குரலுக்கு மைக் வேண்டாம். இருந்தாலும் அன்றைக்கு மைக்கையும் பிடித்துக்கொண்டேன். பல மாசமாக அடக்கிவைத்த குரல் அது. முதல் வார்த்தையிலேயே மரத்திலிருந்த காக்காய்கள் பறந்துபோயின.

"நான் படிக்காதவ. மனசுல பட்டதச் சொல்றேன். இந்தக் குயில் எங்க வீட்டுக்கு என்ன பண்ணுச்சுன்னு எனக்குத்தான் தெரியும். ஐயா பேசுனதக் கேட்டு எனக்கு நெஞ்சு தாங்கல. ஊருக்கெல்லாம் குடுத்துட்டு, அவரு வெறும் கம்பத்தப் பாத்து ஏங்குறாரு. நாங்க போதுமான அளவு கேட்டுட்டோம். புதுசா ஒண்ணு வாங்க வேணாம். எங்க குயிலையே எடுத்துக்கிட்டுப் போயி ஐயா ஜன்னலுக்கு வெளிய வைங்க. காக்காயையும் சேத்துத்தான். எங்க புளோக்கு சார்பா நாங்க குடுக்கிற அன்பளிப்பு. வேணாம்னு அவரு சொல்லுவாரு, அவரு அப்படிப்பட்ட மனுஷன். நீங்க விட்றாதீங்க."

கதிரேசன் எழுந்து வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அடக்கமான மனுஷன் என்று எல்லோரும் இன்னும் பலமாகத் தட்டினார்கள். எங்கள் புளோக்குக்காரர்கள் தட்டிய தட்டு இருக்கிறதே, அப்படி ஒரு தட்டை நான் எந்த விழாவிலும் கேட்டதில்லை, மேல்மாடியிலிருந்துகூடத் தட்டினார்கள். சிறப்பு விருந்தினர் திரும்பிப் பார்த்து, பக்கத்திலிருந்தவரிடம், நல்ல யோசனையாக இருக்கிறதே, செய்யலாமே என்றார். அவ்வளவுதான். கதிரேசன் முகம் வெளிறுவதை நான் முன்வரிசையில் வந்து உட்கார்ந்து பார்த்தேன். அப்படியே ஒரு கறிபாப்பை எடுத்துக் கடித்தேன். அன்றைக்குக் கறிபாப் நன்றாக இருந்தது.

மறுநாள் காலையில் ஏணி வந்தது. மத்தியானத்துக்குள் பெட்டி காத்தோங் போய்விட்டது.

அங்கே என்ன நடந்தது என்று எனக்கு நன்றாகவே தெரியும், ஏனென்றால் குயில் தோழி என்ற முறையில் நான் அடிக்கடி போய்ப் பார்த்துக்கொண்டேன். காத்தோங்கில் வீட்டுக்கு வீடு மாமரம். நிஜக் குயில் உடனே வந்தது. காக்காய்கள் எங்கள் பிடோக்கைவிட அதிகம் வந்தன. அக்கம்பக்கத்து வீடுகளில் விஷயம் என்னவென்று கேட்டார்கள். கதிரேசன் ஐயா ஆசைப்பட்டு வைத்தது என்று நானே வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். கட்டை தட்டும் தொண்டர் படையை அங்கே மாற்றிவிட்டேன். சில சாயங்காலம் நானே பச்சை டீ-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு போய், அவர் வாசலில் நின்று கை வலிக்கிற வரைக்கும் தட்டினேன். மாடி ஜன்னலில் திரைச்சீலை அசையும். நான் கையை ஆட்டுவேன்.

அவரால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. அவர் ஏங்கிய ஏக்கம் குழுவின் செய்திமடலில் படத்தோடு வந்திருந்தது. கடைசியில் எனக்குப் போன் செய்தார். மேடைத் தமிழ் காணாமல் போயிருந்தது. "ஜைனப்மா, தூங்க முடியலம்மா. அது கூவுறதுகூடப் பரவால்ல. அது நின்ன பெறகு காதுக்குள்ள ஒரு மாதிரி கீச்சுனு கேக்குதும்மா. உங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தானா?"

பாவம் என்று தோன்றியதா என்று கேட்டால், தோன்றியது. உடனே எங்கள் வாசலில் என் மனுஷன் அந்தக் கைலிப் பையோடு நின்றது ஞாபகம் வந்தது. பாவம் போய்விட்டது.

"கூவாத நேரம் நம்ம ஸ்கோப்ல வராதுங்கய்யா" என்றேன். "உங்களுக்கு இன்னும் இணக்கம் வரல போலருக்கு. அந்தப் பித்தளைக் கிண்ணத்துக்காரர அனுப்பட்டுமா?"

அவர் போனை வைத்துவிட்டார். நான் பாராட்டு எண்ணை அழைத்து, அவர் சார்பில் ஒன்றை அழுத்தினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் பையோடு திரும்பி வந்தார். பிரியாணி ஆக்கியிருந்தேன், உப்புக் குறைவாக. சாப்பிட்டார். ஜன்னலைத் திறந்து வெறும் கம்பத்தைப் பார்த்துச் சிரித்தார். படுக்கையில் போய் உட்கார்ந்தார். குயில் இல்லை, காக்காய் இல்லை, கட்டை இல்லை. மின்விசிறி சுற்றுகிற சத்தம்கூட இல்லாத அமைதி. கொஞ்ச நேரத்தில் அவர் முகம் மாறியது. தாடை இறுகியது. இந்த வீட்டில் இவ்வளவு அமைதியை நாங்கள் கேட்டதே இல்லை. அமைதியிலும் ஏறும் என்று டாக்டர் சொன்னதை நான்தான் மறந்துவிட்டேன்.

"ஏறுது ஜைனபு" என்றார். பையைப் பார்த்தார்.

என்ன செய்வேன், சொல்லுங்கள். ஊரையே ஆட்டிவைத்து வாங்கிய அமைதி, அதுவும் என் மனுஷனை வெளியே தள்ளுகிறது. பையை எடுத்து அலமாரியின் மேல் வைத்தேன். "கதிரேசன் போன் பண்ணுனாரு தெரியுமா" என்றேன். கிசுகிசுப்பில்லை. கேண்டீன் குரல். கடைசி வரிசைப் பிள்ளைக்குக் கேட்கிற குரல். அவர் நிமிர்ந்தார். இரண்டை அழுத்திப் பார்த்ததிலிருந்து தொடங்கி, ஒன்றுவிடாமல் சொன்னேன். பொன்னாடையில் குயில் கம்மியதை நடித்துக் காட்டினேன். வெறும் கம்பத்தைப் பார்த்து ஏங்குவதைக் கதிரேசன் குரலிலேயே சொன்னேன். அவர் சிரிக்கச் சிரிக்கத் தாடை தளர்ந்தது. தலையணையில் சாய்ந்தார். காத்தோங்கில் காக்காய் வந்து இறங்குகிற இடத்தில் கண் மூடிவிட்டது.

தூங்கிவிட்டார் என்று நான் நிறுத்தினேன். கண்ணைத் திறக்காமலே, "நிறுத்தாத புள்ள. காக்கா வந்துச்சு, அப்புறம்?" என்றார். என் குரல்தான் அவர் காதைக் கெடுத்தது என்று இத்தனை மாசம் நம்பிக்கொண்டிருந்தேனே, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அதைத் துடைத்துக்கொண்டு இன்னும் பலமாகச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது. நான் நிறுத்தவில்லை.

அப்போது போன் அடித்தது. வித்யா. பக்கத்து வீட்டிலிருந்து புகார் வந்து, குயில் தோழியின் வீடு என்பதால் அவளிடம் தள்ளிவிட்டார்களாம். மத்தியான நேரத்தில் ஒரு பெண்குரல் சுவரைத் தாண்டி வருகிறதாம், லிமிட்டுக்கு மேலே இருக்கிறதாம். கொஞ்சம் குறைத்துக்கொள்ள முடியுமா ஆன்ட்டி என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அது நாய்ஸ் இல்ல வித்யா" என்றேன். "அமெனிட்டி லா. அவங்களுக்கு ஏதாவது சொல்லணும்னா, ஒன்ன அமுத்தச் சொல்லு."

போனை வைத்துவிட்டு, காக்காய் வந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கினேன்.